வீட்டு நாற்காலியை வடிவமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் அன்றாடம் புழங்கும் நாற்காலியைப் பற்றியது இந்தப் பக்கம். சாப்பிட, எழுத, படிக்க, பேசிக்கொண்டிருக்க என்று எல்லாவற்றுக்கும் இழுத்துப் போட்டுக்கொள்கிறோமே, அந்த நாற்காலி. தாங்களே செய்து பார்க்க நினைப்பவர்கள், தச்சரிடம் அளவு சொல்லிச் செய்விப்பவர்கள், வடிவமைப்புப் படிக்கும் மாணவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். என்னுடைய பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்தான். சுகத்தையும் அழகையும் தனித்தனி வேலையாகப் பிரித்துக்கொண்டால் நாற்காலி உருப்படியாக வராது. உடம்பு கேட்கிற கோணத்தையும் வளைவையும் முதலில் கொடுத்துவிட்டு, அவற்றை மறைக்காமல் விட்டாலே பாதி அழகு வந்துவிடும்.

முதலில் படம் வரைய வேண்டுமா, அளவு எடுக்க வேண்டுமா?

முதலில் உட்கார வேண்டும். வீட்டில் இருக்கிற நாற்காலிகளையெல்லாம் எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கால் மணி நேரமாவது உட்காருங்கள். எது பிடிக்கிறது, எது எங்கே உறுத்துகிறது என்று எழுதிக்கொண்டு, அப்புறம் அவற்றை அளந்து பாருங்கள். உயரம், ஆழம், முதுகுச் சாய்வு ஆகிய மூன்றும் கையில் இருந்தால் போதும்.

அடுத்தது சோதனைச் சட்டம். மட்டமான பலகை ஒன்றை இருக்கையாக வைத்து, அடியில் மரக்கட்டைகளைக் கூட்டியும் குறைத்தும் உயரத்தை மாற்றுங்கள். பின்னால் இரண்டு கட்டைகளை நிறுத்தி, அவற்றில் ஏற்றி இறக்கக்கூடிய குறுக்குப் பலகை ஒன்றை ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டால் முதுகுத் தாங்கி தயார். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். தாளில் யோசித்து முடிவுக்கு வராத பல விஷயங்கள் இதில் ஒரே மாலையில் தெளிந்துவிடும்.

அளவுகள் கிடைத்த பிறகு பக்கவாட்டுத் தோற்றத்தை உண்மையான அளவிலேயே பெரிய தாளில் வரையுங்கள். முன்பக்கத் தோற்றத்திலிருந்து தொடங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. நாற்காலியின் சுகம் முழுக்கப் பக்கவாட்டுக் கோட்டில்தான் இருக்கிறது.

இருக்கையின் உயரம் எவ்வளவு வைக்கலாம்?

மேசையோடு சேர்த்துப் பயன்படுத்தும் நாற்காலிக்குப் பொதுவாக 43 முதல் 46 செ.மீ. வரை. ஆனால் எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் காரணத்தைப் புரிந்துகொள்வது நல்லது. பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், தொடையின் அடிப்பக்கம் இருக்கையின் முன்விளிம்பில் அழுந்தக்கூடாது. இந்த இரண்டும் நடந்தால் அதுதான் சரியான உயரம். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அளந்து, அதில் ஓரிரு செ.மீ. குறைத்துக்கொண்டால் அந்த ஆளுக்கான அளவு வந்துவிடும். வீட்டுக்குள் செருப்புப் போடும் பழக்கம் இருந்தால் செருப்போடு அளக்க வேண்டும்.

உயரம் கூடினால் குட்டையானவர்களின் கால் தொங்கும். தொடைக்கு அடியில் ஓடும் நரம்பும் ரத்தக்குழாயும் அழுந்தி மரத்துப்போகும். உயரம் குறைந்தால் நெட்டையானவர்களின் முழங்கால் மேலே எழும்பி, பாரமெல்லாம் புட்டத்தில் இறங்கும். இரண்டில் குறைந்த உயரமே பரவாயில்லை. நெட்டையானவர் காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டிச் சமாளித்துக்கொள்வார். குட்டையானவருக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

மேசையை மறந்துவிடாதீர்கள். இருக்கைக்கும் மேசையின் மேல்பரப்புக்கும் நடுவே 27 முதல் 30 செ.மீ. இருக்க வேண்டும். நாற்காலி அருமையாக அமைந்தும் தோள் வலிக்கிறது என்றால், பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் கோளாறு.

இருக்கை ஆழமாக இருந்தால் தாராளமாக உட்காரலாமே?

சோபாவுக்கு அது பொருந்தும், நாற்காலிக்குப் பொருந்தாது. ஆழம் கூடிவிட்டால் முதுகு சாய்மானத்தைத் தொடுவதற்குள் முன்விளிம்பு முழங்காலின் பின்புறத்தில் முட்டிவிடும். உட்கார்ந்தவர் முன்னால் நகர்ந்துகொள்வார், முதுகுத் தாங்கி இருந்தும் பயனில்லாமல் போகும். 40 முதல் 43 செ.மீ. ஆழம் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்த பிறகு, முன்விளிம்புக்கும் காலுக்கும் நடுவே மூன்று விரல் நுழைய இடம் இருக்க வேண்டும்.

அகலத்தில் இவ்வளவு கறார் தேவையில்லை. முன்பக்கம் 45 செ.மீ. அளவில் வைத்து, பின்னால் போகப்போக ஐந்தாறு செ.மீ. குறுக்கலாம். தொடைகள் விரிவது முன்பக்கத்தில்தான்.

பலகை தட்டையாக இருக்கலாமா, குழித்துச் செதுக்க வேண்டுமா?

உட்காரும்போது நம் எடையில் பெரும்பகுதியைத் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். உள்ளங்கைகளைப் புட்டத்துக்கு அடியில் வைத்து உட்கார்ந்து பார்த்தால் அந்த முனைகள் கையில் தட்டுப்படும். முழுத் தட்டையான கட்டைப் பலகையில் பாரமெல்லாம் அந்த இரண்டு புள்ளிகளில் விழுகிறது. பத்துப் பதினைந்து மி.மீ. ஆழத்துக்கு மெல்லக் குழித்துவிட்டால் சுற்றியுள்ள சதையும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

அதற்கு மேல் போகாதீர்கள். புட்டத்தின் அச்சை அப்படியே எடுத்ததுபோல் ஆழமாகக் குடைந்த இருக்கை முதல் ஐந்து நிமிடம் சொர்க்கமாக இருக்கும். அப்புறம் அசைய விடாது. மனித உடம்பு ஒரே நிலையில் இருக்கப் படைக்கப்பட்டதல்ல. உட்கார்ந்திருக்கும்போது நாமறியாமலேயே ஒருபுறம் சாய்கிறோம், கால்மேல் கால் போடுகிறோம், முன்னால் நகர்கிறோம். இத்தனைக்கும் இடம் கொடுப்பதுதான் நல்ல இருக்கை. பல உட்காரும் விதங்களுக்குச் சுமாராகப் பொருந்தும் இருக்கை, ஒரே விதத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும் இருக்கையை விட மேல்.

பின்பக்கத்தை முன்பக்கத்தை விட ஒன்றரை முதல் மூன்று செ.மீ. வரை தாழ்த்துங்கள். முதுகு தானாகச் சாய்மானத்தில் போய்ப் படியும், முன்னால் வழுக்காது. அதற்கு மேல் தாழ்த்தினால் மேசையில் குனிந்து எழுதுவது கஷ்டம்.

முன்விளிம்பை மட்டும் எந்த நாற்காலியிலும் கூர்மையாக விடாதீர்கள். குறைந்தது இரண்டு செ.மீ. ஆரத்தில் உருட்டிக் கீழே இறக்கிவிட வேண்டும். ஒரு நாளில் முடிகிற இந்த வேலை அளவுக்குச் சுகத்தைக் கூட்டுவது நாற்காலியில் வேறெதுவும் இல்லை.

முதுகுத் தாங்கி எவ்வளவு உயரம்? எவ்வளவு சாய்வு?

உயரத்தை விட, முதுகை அது எங்கே தொடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிற்கும்போது முதுகெலும்பின் கீழ்ப்பகுதி உள்நோக்கி வளைந்திருக்கும். உட்கார்ந்ததும் இடுப்பெலும்பு பின்னால் உருண்டு, அந்த வளைவு தட்டையாகிவிடும். அரை மணி நேரத்தில் முதுகு கூன் போடுவது இதனால்தான். ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் பெங்ட் ஓக்கர்ப்ளூம் நிற்கும் நிலையையும் உட்காரும் நிலையையும் ஆராய்ந்து 1948-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தோளைத் தாங்குவதை விட இடுப்புக்கு மேலுள்ள வளைவைத் தாங்குவதுதான் முக்கியம் என்பது அதிலிருந்து நாற்காலி செய்பவர்கள் எடுத்துக்கொண்ட பாடம்.

நடைமுறையில் இதை இப்படிச் செய்யலாம். இருக்கையிலிருந்து 17 முதல் 23 செ.மீ. உயரத்துக்குள் தாங்கி நன்றாக முன்னுக்கு வந்து முதுகைத் தொடட்டும். அதற்குக் கீழே, இருக்கையிலிருந்து 12 செ.மீ. வரை ஒன்றும் வேண்டாம், காலியாக விடுங்கள். புட்டம் பின்னால் தள்ளிக்கொள்ள அந்த இடம் தேவை. பல நாற்காலிகளில் பலகை இருக்கை வரை நேராக இறங்கி இந்த இடத்தை அடைத்துவிடுகிறது. உட்கார்ந்தவருக்கு யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போலவே இருக்கும்.

சாய்வைப் பொறுத்தவரை, இருக்கைக்கும் முதுகுக்கும் இடையே 95 முதல் 105 டிகிரி மேசை நாற்காலிக்குச் சரி. ஓய்வாகப் படிக்கிற நாற்காலிக்கு 110 வரை போகலாம். ஆனால் சாய்வு கூடக்கூட இருக்கையைத் தாழ்த்தி, பின்பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் வழுக்கிக்கொண்டே இருப்பார்.

மேலிருந்து பார்க்கையில் தாங்கி சற்று வளைந்திருக்க வேண்டும், தட்டைப் பலகை முதுகெலும்பில் மட்டும் உரசும். 45 முதல் 60 செ.மீ. ஆர வளைவு போதுமானது. மேல் உயரம் தரையிலிருந்து 78 முதல் 85 செ.மீ. வரை இருந்தால் தோள்பட்டை எலும்புக்குக் கீழே நிற்கும், கையைப் பின்னால் போட்டுத் திரும்பி உட்காரவும் வசதி.

மெத்தை வைத்தால் இவ்வளவு கணக்கும் தேவையில்லை அல்லவா?

தேவைதான். தப்பான கோணத்தை மெத்தை கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவே. ரொம்ப மெத்தென்ற ஃபோமில் உட்கார்ந்தால் உடம்பு அமிழ்ந்து கடைசியில் பலகையில்தான் போய் உட்காருகிறது. மேசை நாற்காலிக்கு மூன்று முதல் ஐந்து செ.மீ. தடிமனில் அழுத்தமான ஃபோம் போதும். கனமீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறைந்த அடர்த்தியில் வாங்காதீர்கள், சீக்கிரம் பள்ளம் விழும். மெத்தையின் தடிமனையும் சேர்த்து, அது அமுங்கிய பிறகு வரும் உயரத்தைத்தான் இருக்கை உயரமாகக் கணக்கில் கொள்ள வேண்டும்.

எனக்குப் பிடித்தது பின்னல் இருக்கை. பிரம்போ கயிறோ துணிப்பட்டையோ, பின்னல் உட்காரும் ஆளுக்கு ஏற்ப லேசாகத் தொய்ந்து கொடுக்கும், ஆள் எழுந்ததும் பழைய நிலைக்கு வரும், காற்றும் உள்ளே போகும். டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வடிவமைத்த ஒய் வடிவ முதுகு நாற்காலியின் இருக்கை முறுக்கிய காகிதக் கயிற்றில் பின்னப்படுவது. ஒரு நாற்காலிக்குச் சுமார் 120 மீட்டர் கயிறு பிடிக்கிறது. காகிதமா தாங்கும் என்று தோன்றும், பல பத்தாண்டுகள் தாங்குகிறது.

கை வைத்த நாற்காலி நல்லதா?

இடம் இருந்தால் நல்லது. இருக்கையிலிருந்து 20 செ.மீ. உயரம் பொதுவாக ஒத்துவரும். அதைவிடக் கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும். மேசைக்கு அடியில் கைப்பிடி நுழையுமா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நுழையாவிட்டால் ஆள் மேசையிலிருந்து தள்ளியே உட்கார வேண்டிவரும். கைப்பிடியைப் பாதியிலேயே நிறுத்திவிடுவது நல்ல தீர்வு.

வயதானவர்களுக்கு என்ன மாற்ற வேண்டும்?

அவர்களுக்கு உட்காருவதை விட எழுந்திருப்பதுதான் சிரமம். நீங்களே எழுந்து பாருங்கள். முதலில் பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுப்பீர்கள், அப்புறம் உடம்பை முன்னால் சாய்ப்பீர்கள், பிறகுதான் எழும்புவீர்கள். பாதத்தைப் பின்னால் இழுக்க இருக்கைக்கு அடியில் இடம் வேண்டும். முன்கால்களுக்கு நடுவே தாழ்வாக ஒரு குறுக்குக் கட்டை இருந்தால் குதிகால் அதில் முட்டும், எழ முடியாது. அந்தக் கட்டையை எடுத்துவிட்டு, பக்கவாட்டுக் கட்டைகளை நடுவில் இணைத்துவிடுங்கள்.

இருக்கை உயரத்தை 46 முதல் 48 செ.மீ. ஆக்கலாம், ஆனால் பாதம் தரையில் பதிய வேண்டும் என்பது அவர்களுக்கும் உண்டு. கைப்பிடிகள் கட்டாயம் வேண்டும், இருக்கையின் முன்விளிம்பு வரை வர வேண்டும், ஊன்றி எழும்போது கை பிடிக்கும் அளவுக்கு முனை உருண்டையாக இருக்க வேண்டும். ஊன்றும்போது நாற்காலி முன்னால் கவிழாதபடி முன்கால்கள் அந்த முனைக்கு நேர் கீழே நிற்கட்டும்.

சரி, அழகுக்கு வருவோம். எந்த இடத்தில் அழகு வருகிறது?

நாற்காலியை நாம் பெரும்பாலும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும்தான் பார்க்கிறோம், மேசையைச் சுற்றிப் போட்டிருக்கும்போது முதுகுதான் கண்ணில் படும். ஆனாலும் பலர் முன்பக்கத்தை இழைத்து இழைத்துச் செய்துவிட்டுப் பின்பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள். முதுகுத் தாங்கியின் பின்புறத்தையும் முன்புறத்தைப் போலவே தேய்த்து மழுப்புங்கள்.

தடிமனைக் குறையுங்கள். 40 மி.மீ. சதுரக் கால் நான்கு இருந்தால் நாற்காலி கனத்துத் தெரியும். இருக்கைச் சட்டம் பொருந்தும் இடத்தில் தடிமனை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே போகப்போக 24, 25 மி.மீ. வரை சீவுங்கள். பலம் தேவைப்படுவது பொருத்தில்தான், கால் நுனியில் அல்ல. உள்பக்கமாகச் சீவினால் நாற்காலி அகலமாகக் காலூன்றி நிற்பதுபோல் தெரியும். வெளிப்பக்கமாகச் சீவினால் ஒடுங்கித் தெரியும். செங்குத்தாக நிற்கும் கால்கள் கண்ணுக்கு உள்நோக்கிச் சாய்ந்ததுபோல் படும். அதனால் இரண்டு மூன்று டிகிரி வெளியே விரித்துவிடுவது வழக்கம். விரித்தால் நிலையாகவும் நிற்கும்.

எவ்வளவு தூரம் மெலிக்கலாம் என்பதற்கு ஓர் எல்லைக்கல் இருக்கிறது. இத்தாலியின் ஜியோ போன்டி 1957-இல் முடித்த சூப்பர்லெஜ்ஜேரா என்ற நாற்காலியின் எடை 1.7 கிலோ. கால்களை முக்கோண வெட்டில் செதுக்கி, தேவையில்லாத மரத்தையெல்லாம் கழித்ததால் வந்த எடை அது. எல்லாரும் அதுவரை போகத் தேவையில்லை. ஐந்து கிலோவுக்குள் இருந்தால் ஒரு கையால் தூக்கி நகர்த்தலாம்.

கை படும் இடங்களைத் தனியாகக் கவனியுங்கள். நாற்காலியை இழுக்க நாம் எப்போதும் முதுகின் மேல்கட்டையைத்தான் பிடிக்கிறோம். அதன் பின்பக்கத்தில் நாலு விரல் பதிகிற மாதிரி லேசான பள்ளம் ஒன்று எடுத்து, உப்புத்தாளில் 240 எண் வரை தேய்த்து எண்ணெய் பூசிவிட்டால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கைக்கு அது இதமாகப் படும். கண்ணுக்குத் தெரியாத அழகு அது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அலங்காரச் செதுக்கு வேலை சேர்க்கலாமா?

முதுகு சாயும் இடத்திலும் தொடை படும் இடத்திலும் வேண்டாம். மற்ற இடங்களில் உங்கள் விருப்பம்.

வளைந்த மரம் அழகாக இருக்கிறது. பலகையில் வளைவாக வெட்டி எடுக்கலாமா?

சிறு வளைவானால் வெட்டலாம். பெரிய வளைவை நேர்ப் பலகையிலிருந்து அறுத்தெடுத்தால் மரத்தின் நார்கள் வளைவின் நடுவே அறுந்துபோகும், அந்த இடத்தில் டப்பென்று உடையும். பின்கால்கள் உடைவதற்கு இது வழக்கமான காரணம். பலகையைத் தேர்ந்தெடுக்கும்போதே, நாரோட்டம் வளைவோடு கூடவே ஓடும் துண்டாகப் பார்த்து வார்ப்புரு வைத்து வரைய வேண்டும்.

பெரிய வளைவுக்கு நீராவி. 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் வளைத்துக் கட்டிவிட வேண்டும். நீராவியில் மென்மையான மரம் உள்வாங்கிச் சுருங்க நிறையவே இடம் கொடுக்கும், ஆனால் நீளாது. வெளிவளைவில் நார் பிய்த்துக்கொள்வது இதனால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவில் நாற்காலித் தொழில் நடத்திய மைக்கேல் தோனெட் வெளிப்பக்கத்தில் உலோகப் பட்டையைச் சேர்த்து இறுக்கி வளைத்தார். பட்டை நீள விடாது, ஆகவே வளைவு முழுவதும் உள்பக்கச் சுருக்கமாகவே நடந்துவிடும். 1859-இல் அவருடைய நிறுவனம் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி 6 மரத்துண்டுகள், 10 ஸ்க்ரூ, 2 நட்டுகளால் ஆனது. பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. அந்த வட்ட வளைவுகளை இன்றைக்கும் அழகென்று சொல்கிறோம். மரத்தை உடைக்காமல் வளைக்க என்ன வழி என்று தேடியதில் கிடைத்த அழகு அது.

பிளைவுட்டிலும் இதே கதைதான். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இருக்கையையும் முதுகையும் ஒரே பிளைவுட் ஓடாக வளைக்கப் பார்த்தபோது மடிப்பில் விரிசல் விட்டது. கடைசியில் இரண்டையும் தனித்தனி ஓடாகப் பிரித்து, ரப்பர் வில்லை வைத்து இணைத்தார்கள். 1940-களின் நடுவில் வந்த அந்த நாற்காலியின் தனி முகமே அந்தப் பிரிவுதான்.

எந்தப் பொருத்து முதலில் விட்டுப்போகும்?

பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் இடம். யாராவது பின்னால் சாய்ந்து முன்கால்களைத் தூக்கினால் மொத்தப் பாரமும் அங்கேதான் திருகும். அங்கே வெறும் ஸ்க்ரூவை நம்பாதீர்கள். சட்டத்தின் முனையைச் சிறுத்துச் செதுக்கி, காலில் 25 முதல் 35 மி.மீ. ஆழத் துளையில் இறக்கிப் பசை போடுவதுதான் நம்பகமான வழி. பசை நன்றாகப் பிடிப்பது நாருக்கு இணையான பரப்பில். நார் வெட்டுப்பட்ட முனையில் சரியாகப் பிடிக்காது. துளை ஆழமானால் பிடிக்கும் பரப்பும் கூடும். உள்மூலையில் ஒரு முக்கோணக் கட்டை வைத்து முடுக்கினால் இன்னும் உறுதி.

விற்பனைக்குச் செய்பவர்கள் ஐஎஸ்ஓ 7173 தரநிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கையிலும் முதுகிலும் திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றி உறுதியையும் உழைப்பையும் சோதிக்கும் முறைகள் அதில் இருக்கின்றன.

மூன்று கால் வைத்தால் என்ன?

மேடுபள்ளத் தரையில் ஆடாது. ஆனால் ஓரமாகச் சாய்ந்தால் கவிழும். டென்மார்க்கின் ஆர்னே யாகோப்சன் 1952-இல் செய்த எறும்பு நாற்காலி மூன்று காலோடுதான் வந்தது, அவர் காலத்துக்குப் பிறகு நான்கு கால் வடிவமும் வந்தது. வீட்டுக்கு நான்கே இருக்கட்டும்.

எல்லாம் முடிந்தது, நாற்காலி ஆடுகிறதே?

நான்கு காலும் கச்சிதமாக ஒரே மட்டத்துக்கு வருவது அபூர்வம். கண்ணாடி மேசை போன்ற சமதளத்தில் நாற்காலியை நிறுத்தி, குட்டையான காலுக்கு அடியில் மெல்லிய ஆப்புச் செருகி ஆட்டத்தை நிறுத்துங்கள். பிறகு ஒரு சிறு கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, கட்டையைத் தளத்தில் நகர்த்திக்கொண்டே நான்கு கால்களையும் சுற்றிக் கோடு இழுங்கள். எந்தக் கால் எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டாம், நான்கையும் அந்தக் கோட்டில் அறுத்துவிடுங்கள். அறுத்த முனையின் ஓரத்தை இரண்டு மி.மீ. அளவு சாய்த்துச் சீவாவிட்டால், தரையில் இழுக்கும்போது நார் பிய்ந்து காலில் மேலேறிவிடும். அறுப்பதால் குறையும் உயரத்துக்காக, தொடக்கத்திலேயே காலை ஒரு செ.மீ. நீளமாக விட்டுவைப்பது வழக்கம்.

நான் செய்யப்போவதில்லை, வாங்கத்தான் போகிறேன். கடையில் எதைப் பார்க்க?

வீட்டில் எப்படி உட்காருவீர்களோ அப்படியே, கால் மணி நேரம் உட்காருங்கள். கடைக்காரர் பக்கத்தில் நிற்கிறாரே என்று எழுந்துவிடாதீர்கள். மூன்று விரலை முழங்காலுக்குப் பின்னால் விட்டுப் பாருங்கள், முன்விளிம்பைத் தடவுங்கள், மேல்கட்டையைப் பிடித்து ஒரு கையால் தூக்குங்கள். அப்புறம் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, பின்கால் பொருத்தை நெருக்கத்தில் பாருங்கள். எதிரெதிர் மூலைகளில் இருக்கும் இரண்டு கால்களைப் பிடித்து அழுத்தினால் கிறீச்சென்ற சத்தமோ அசைவோ வரக்கூடாது. வீட்டில் உயரம் குறைந்தவர் இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பாருங்கள். அவருக்குச் சரியாக இருப்பதை மற்றவர்களும் சமாளித்துக்கொள்வார்கள்.